மணிக்கட்டிலிருந்து தரை வரை

ஆரம்பாக்கம்
9.6.2024

அன்புள்ள திரௌபதி,

இங்கே நான் நலம். நீயும் மனோஜும் சத்யாவும் பேத்தி தேவதர்ஷினியும் அங்கே ஆக்லாந்தில் நலமாக இருப்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கோபித்துக்கொண்டாய். ‘ம்’ போடுவதற்கு நியூசிலாந்துக்கு எதற்குக் கூப்பிட வேண்டும், பேச வரவில்லை என்றால் எழுதுங்கள் என்றாய். நியாயம்தான். எழுத உட்கார்ந்து நான்கு தாள்களைக் கிழித்தாயிற்று. பொன்னேரியில் முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் பாடம் எடுத்தவனுக்கு மனைவிக்கு ஒரு கடிதம் எழுத வரவில்லை என்றால் என்ன சொல்வது.

பக்கத்து வீட்டு ஜெஸ்ஸியோடு கோல்ஃப் ஆடப் போகிறேன் என்று நீ சொன்னபோது எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அறுபத்து மூன்று வயதில், புடவையோடா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. பிறகு ஒன்று சொன்னாய்: இரவல் மட்டை உயரமாக இருக்கிறது, பிடி வயிற்றில் இடிக்கிறது என்று. அன்றிலிருந்து அது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இணையத்தில் தேடிப் படித்தேன். மட்டையை வீட்டிலேயே செய்யலாமாம். தலையைத் தனியாக, தண்டைத் தனியாக, பிடியைத் தனியாக வாங்கி, ஆளின் அளவுக்கு வெட்டி ஒட்ட வேண்டும். எனக்கு முடியுமா என்று தெரியாது. ஆனால் அளவெடுத்து ஒட்டுகிற வேலைதானே.

முதல் அளவு இது. செருப்போடு நேராக நின்று கைகளைத் தளரத் தொங்கவிட வேண்டும். மணிக்கட்டின் ரேகையிலிருந்து தரை வரை எத்தனை சென்டிமீட்டர் என்று யாரையாவது அளக்கச் சொல். நாற்பத்தோரு வருடம் உன் பக்கத்தில் நடந்திருக்கிறேன், எனக்கு அது தெரியவில்லை. தாழ்ப்பாள், அடுப்பு மேடை, தண்ணீர்க் குழாய் என்று நீ தொடுகிற ஒவ்வொன்றின் உயரத்தையும் அளந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை.

இரண்டாவது, இடது கையை ஒரு தாளில் விரித்து வைத்து ஓரம் வரைந்து அனுப்பு. பிடியின் தடிமனுக்கு அது வேண்டும். இடது கை என்றுதான் போட்டிருக்கிறது.

மனோஜ் அனுப்பிய விண்ணப்பம் வந்தது. மேஜை மேல் பத்திரமாக இருக்கிறது. படித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
தருமலிங்கம்


ஆக்லாந்து
2.7.2024

அன்புள்ள உங்களுக்கு, திரௌபதி எழுதுவது.

கடிதம் பதினெட்டாம் நாள் வந்தது. பிரித்ததும் சத்யா, “அத்தை, மாமா இவ்வளவு பேசுவாரா?” என்றாள். எழுதினால் பேசுவார் என்றேன்.

முதல் நாள் புடவையோடுதான் ஆடினேன். கேட்டிருக்கலாம், நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது சத்யாவின் பேன்ட், கீழே மடித்து விட்டுக்கொள்கிறேன். ஜெஸ்ஸி நாகர்கோவில்காரி, வீட்டுக்காரர் போய் ஆறு வருடம் ஆகிறது. என்னைவிட நாலு வயது பெரியவள், வாய் மட்டும் இருபது வயது. நான் அடித்த பந்து குளத்தில் விழுந்தால், “பழவேற்காட்டுக்காரி, தண்ணியப் பாத்தா விட மாட்டியே” என்பாள். பந்து போன இடத்துக்கு நடந்து போய் மறுபடி அடிக்க வேண்டும். எனக்கு அடிப்பதைவிட அந்த நடை பிடித்திருக்கிறது. வழியெல்லாம் வாத்து. மூன்று மணி நேரம் யாருக்கும் எதுவும் சமைக்காமல் நடக்கிறேன்.

அளவு எழுபத்தேழு. ஜெஸ்ஸிதான் அளந்தாள். “உங்க வீட்டுக்காரர் வாத்தியாரா, டெய்லரா?” என்று கேட்டாள். கை வரைந்தது உள்ளே இருக்கிறது.

விண்ணப்பத்தை எத்தனை நாள் படிப்பீர்கள்? மொத்தம் எட்டுப் பக்கம். உங்கள் கையெழுத்தும் வந்தால் இரண்டு பேரும் இங்கேயே இருக்க மனோஜ் போட்டுவிடுவான். வராவிட்டால் பிப்ரவரியில் என் விசா முடிகிறது, நான் கிளம்ப வேண்டும். நான் உங்களை அவசரப்படுத்தவில்லை. அவன் கேட்கிறான்.

இரவில் கொய்யா மரத்தடியில் உட்கார வேண்டாம். பூச்சி இருக்கும்.

திரௌபதி


ஆரம்பாக்கம்
24.7.2024

அன்புள்ள திரௌபதி,

உன் அளவுகள் கிடைத்தன. எழுபத்தேழு என்றால் மட்டையின் நீளம் சாதாரணப் பெண்கள் மட்டையைவிட மூன்று சென்டிமீட்டர் குறைய வேண்டும். நீ மறதியாக வலது கையை வரைந்து அனுப்பியிருக்கிறாய். நான் கேட்டது இடது. பரவாயில்லை, தாளைக் கண்ணாடியில் காட்டித் திருப்பி அளவு எடுத்துக்கொண்டேன்.

தலைகளும் தண்டுகளும் முன்பே கூரியரில் வந்துவிட்டன. மொத்தம் ஐந்து. பந்தை எழுப்பி அடிக்க மூன்று இரும்புத் தலை, தூரம் அடிக்க ஒரு பெரிய தலை, குழிக்குள் தட்ட ஒன்று. முதலில் ஏழாம் நம்பர் இரும்பு. அதில் ஒரு தவறு செய்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லிவிடுகிறேன்.

தலையைத் தண்டில் ஒட்டத் தனிப் பசை இருக்கிறது. அது வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏரிக்கரையில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப்போடுகிற சடையனிடம் போனேன். படகின் ஓட்டையையே அடைக்கிற பிசின், இந்தச் சின்னத் துளைக்கு என்ன என்று நினைத்துவிட்டேன். “சார், இதுல ஒட்டுனா கடலுக்கே தெரியாது” என்று சடையனும் சொன்னான். ஒரு நாள் காயவைத்துவிட்டு, மறுநாள் காலை ஏரியோரம் போய், சுற்றும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஒரு வீச்சு வீசினேன். தண்டு கையில் நின்றது. தலை மட்டும் பறந்து போய் ஏரியில் விழுந்தது.

யாரும் இல்லை என்று நினைத்தது தப்பு. வசந்தா கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து இறால் தடவிக்கொண்டிருந்தாள். நம் வீட்டுக்கு இறால் கொண்டுவருவாளே, அவள்தான். இறால் போடுகிற ஓலைப் பறியைப் பல்லில் கடித்தபடி நகர்ந்து வந்து, சேற்றில் துழாவி, நான்காவது தடவையில் தலையை எடுத்துவிட்டாள். பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள்: “இன்னா சார் இது, இத்த வீசுனா எறா வந்து மாட்டுமா?”

உனக்குச் செய்வது என்று சொன்னேன். “அம்மா வந்துட்டாங்களா?” என்றாள். இல்லை, வந்ததும் ஆடுவார்கள் என்றேன். அவள் சிரித்துவிட்டுப் பறியை மறுபடி பல்லில் கடித்துக்கொண்டாள்.

பிறகு சரியான பசை வந்தது. படகுப் பிசின் அதிர்ச்சியைத் தாங்காதாம், இறுகி நொறுங்கிவிடுமாம். பாடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். இருபத்து நான்கு மணி நேரம் காயவைக்கச் சொல்லியிருந்தது, நான் நாற்பத்தெட்டு வைத்தேன்.

பள்ளிக்கூடத்து மீட்டர் அளவுகோல் ஒன்று வீட்டில் கிடந்தது. அதைக் கத்தி முனையில் நிறுத்தி ஒரு தராசு செய்திருக்கிறேன். மட்டையை வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரியும் என்பதை அதில் பார்க்கலாம். ஐந்தும் கையில் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இரண்டு கிராம் குறைந்தாலும் பிரித்துவிட்டு மறுபடி செய்கிறேன்.

அன்புடன்,
தருமலிங்கம்

விண்ணப்பத்தில் ஐந்தாம் பக்கம் சரியாக விளங்கவில்லை.


ஆக்லாந்து
16.8.2024

அன்புள்ள உங்களுக்கு, திரௌபதி எழுதுவது.

வசந்தா கதையைப் படித்து ஜெஸ்ஸிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். அப்புறம் அந்த ஒரு வரியைத் திரும்பப் படித்தேன். ‘வந்ததும் ஆடுவார்கள்’ என்று வசந்தாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். என்னிடம் சொல்லவில்லை.

மட்டையை அனுப்பப் போகிறீர்களா, அங்கேயே வைத்துக்கொள்ளப் போகிறீர்களா? ஒன்றையாவது அனுப்புங்கள். அந்த ஏழாம் நம்பரை.

ஐந்தாம் பக்கத்தில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும்தான் கேட்டிருக்கிறார்கள். மனோஜ் எடுத்துக் காட்டினான்.

திரௌபதி


ஆரம்பாக்கம்
9.9.2024

அன்புள்ள திரௌபதி,

ஏழாம் நம்பரை இன்று அனுப்பினேன். துணி சுற்றி, பி.வி.சி. குழாய்க்குள் வைத்து, இரண்டு பக்கமும் மூடி போட்டிருக்கிறேன். தபால் அலுவலகத்தில் உள்ளே என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். ஆரம்பாக்கத்தில் யார் சார் கோல்ஃப் ஆடுகிறது என்றார்கள்.

மற்ற நான்கும் தயார். ஆனால் அவற்றை அனுப்ப மனம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏரித் தண்ணீர் வற்றிய இடத்தில், நம் வீட்டுக்குப் பின்னால், மூன்று குழிகள் தோண்டி, பால் பவுடர் டப்பாக்களை இறக்கி வைத்திருக்கிறேன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நீ நடக்கிற மாதிரி இடம் விட்டிருக்கிறேன். வாத்து இல்லை, நாரை உண்டு. நீ வந்தால் ஆடலாம் என்று நினைத்தேன். நினைத்தது தப்பா என்று தெரியவில்லை.

என்னால் அங்கே வர முடியுமா என்றும் தெரியவில்லை. விமானத்தில் அத்தனை நேரம். இறங்கின பிறகு நான் அங்கே யார்? சாயங்காலம் எங்கே போவேன்? இங்கேயும் போக ஓர் இடம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. காலையில் சென்னை ரயில் வருகிற நேரத்துக்கு ஸ்டேஷன் வரை நடக்கிறேன். ரயில் போனதும் திரும்பிவிடுகிறேன். நேற்று இரண்டு தடவை போனேன்.

மட்டை எப்படி இருக்கிறது என்று உடனே எழுது.

தருமலிங்கம்


ஆக்லாந்து
3.10.2024

அன்புள்ள உங்களுக்கு, திரௌபதி எழுதுவது.

மட்டை வந்தது. நீளம் சரி, பிடி சரி. இந்த மாதிரி வேலை கடையில் கூட வராது என்று ஜெஸ்ஸி தடவித் தடவிப் பார்த்தாள். அப்புறம் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “திரௌபதி, இது வலது கைக்காரங்களுக்கு” என்றாள்.

நான் இடது கைக்காரி.

உங்களுக்கு அது தெரியாது என்றுதான் நினைக்கிறேன். ஒரு தடவை தெரிந்திருந்தது, மறந்துவிட்டீர்கள். காட்டூரில் எங்கள் வீட்டில் நான் கோலம் போட்டது, களை எடுத்தது, எழுதினது எல்லாம் இடது கையில்தான். நைனா ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் உங்கள் பெரியப்பா பந்தியில் உட்கார்ந்திருந்தார். நான் இடது கையால் சாம்பார் ஊற்றப் போனேன். நீங்கள் எழுந்து வந்து, யாருக்கும் தெரியாமல் என் இடது கையிலிருந்த கரண்டியை எடுத்து வலது கையில் வைத்தீர்கள். “இப்படி” என்றீர்கள். அவ்வளவுதான்.

திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். மெதுவாகச் சொல்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? அன்றிலிருந்து கரண்டி, ஊசி, பேனா எல்லாம் வலது கைக்கு மாறின. கொல்லைப் பக்கம் பாத்திரம் தேய்க்கும்போது மட்டும் இடது. அங்கே நீங்கள் வர மாட்டீர்கள்.

இங்கே முதல் நாள் ஜெஸ்ஸி புல்லில் இரண்டு மட்டைகளை வைத்து, எது வசதி என்று கேட்டாள். கை முதலில் வலது கை மட்டைக்குப் போயிற்று, அப்புறம் மற்றதை எடுத்தேன்.

வலது கையை நான் மறதியாக அனுப்பவில்லை. இடது கையால் ஆடுகிறவர்களுக்கு வலது கையைத்தான் அளக்க வேண்டும். ஏன் வலது என்று கேட்பீர்கள், அப்போது சொல்லலாம் என்று இருந்தேன். நீங்கள் கண்ணாடியில் திருப்பிக்கொண்டீர்கள்.

விண்ணப்பமும் அப்படித்தான் இருக்கிறது. வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. மூன்று குழி தோண்டிவிட்டுக் காத்திருக்கிறீர்கள், நான் தானாக வந்து விழ வேண்டும். நீங்கள் என்னை எதற்கும் கட்டாயப்படுத்தியதில்லை என்று ஊரே சொல்லும். உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்களும் ஒரு நாள் வாய் திறந்து சொன்னதில்லை. நான்தான் கண்டுபிடித்துக் கண்டுபிடித்துச் செய்தேன். அதில் நான் களைத்துவிட்டேன்.

இதை எழுதியதும் இடது கையால்தான். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திரௌபதி


ஆரம்பாக்கம்
25.10.2024

அன்புள்ள திரௌபதி,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது.

பெரியப்பா பந்தி நினைவில் இருக்கிறது. அவர் எதையோ குறை சொல்லிவிடுவாரோ என்று அன்று முழுக்க எனக்குப் பயமாக இருந்ததும் நினைவிருக்கிறது. கரண்டி நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. எனக்குத் துளிக்கூட நினைவில்லாத ஒன்றை நீ நாற்பத்தோரு வருடம் தினமும் செய்திருக்கிறாய். மன்னித்துவிடு என்று எழுதி அடித்தேன், மறுபடி எழுதினேன். அது போதாது என்று தெரிகிறது. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். இப்போது பதில் எழுதினால் அது உன்னைக் கட்டிப்போடுகிற பதிலாக ஆகிவிடும். கொஞ்சம் பொறு.

நான்கு மட்டைகளையும் பிரித்துவிட்டேன். கழுத்தில் சூடு காட்டினால் பசை இளகி, தலை முறுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. தண்டும் பிடியும் பழுதில்லை. தலைகளைத் திருப்பிப் பிடித்தால் முதுகுதான் பந்தில் படும், அவற்றால் பயனில்லை. பெண்களுக்கு, அதுவும் இடது கைக்கு, தலை கேட்டால் கடைக்காரர்கள் யோசிக்கிறார்கள். மூன்று கடையில் இல்லை என்றார்கள். நான்காவது கடையில் ஐந்து வாரத்தில் வரவழைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்துக்கும் சொல்லியிருக்கிறேன்.

நேற்றிலிருந்து மழை. வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன். வாசலிலிருந்து கொல்லைக் கதவு வரை இருபத்திரண்டு அடி.

தருமலிங்கம்


ஆரம்பாக்கம்
12.12.2024

அன்புள்ள திரௌபதி,

இந்தக் கடிதம் பெட்டிக்குள்ளேயே இருக்கும். ஐந்து மட்டைகளும் கூட இருக்கின்றன. ஏழாம் நம்பருக்கு மட்டும் புதுத் தண்டு போட்டிருக்கிறேன். எல்லாம் இடது கைக்கு. இந்த முறை வலது கையின் படத்தை அப்படியே வைத்துப் பிடியின் தடிமனைச் சரிபார்த்தேன். ஒவ்வொன்றையும் தராசில் பத்துத் தடவை பார்த்தாயிற்று. நல்ல வெயிலில் கார் டிக்கியில் வைத்துவிட்டுப் போகாதே, பசை இளகும். ஆடி முடித்ததும் ஈரத்தைத் துடைத்து வை.

மட்டைகள் இங்கே இருந்தால் நீ வருவாய் என்று ஜூன் மாதம் முதல் கணக்குப் போட்டிருந்தேன். உனக்கு மட்டை செய்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, உண்மையில் எனக்காகத்தான் செய்தேன். ஒருவரை வரவழைக்க ஒரு பொருளைக் காட்டுவது என்ன பழக்கம் என்று இப்போது தோன்றுகிறது. அதனால் ஐந்தையும் அனுப்புகிறேன். இங்கே எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

போன வாரம் மனோஜுக்கு நானே போன் செய்தேன். அவன் பயந்துபோய், “அப்பா, உடம்புக்கு என்ன?” என்றான். ஒன்றுமில்லை, உங்கள் அம்மா பெயரில் மட்டும் விண்ணப்பம் போட முடியுமா என்று கேட்டேன். நான் சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடியும் என்றான். எழுதியிருக்கிறேன். பெட்டியின் அடியில் உறையில் இருக்கிறது. நான் வருவதோ வராததோ அதில் சேரவில்லை. நீ இருக்க விரும்பினால் அதை மனோஜிடம் கொடு. வர விரும்பினால் கிழித்துவிட்டு வா. எது செய்தாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று எழுத நினைத்தேன், ஆனால் அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. வருத்தப்படுவேன். அது என் பாடு, நீ அதற்குச் சமைத்துப் போட வேண்டாம்.

ஏரி நிறைந்து தண்ணீர் கொய்யா மரம் வரை வந்துவிட்டது. டப்பாக்களைப் போன மாதமே எடுத்துவிட்டேன்.

தருமலிங்கம்


ஆக்லாந்து
6.1.2025

அன்புள்ள உங்களுக்கு, திரௌபதி எழுதுவது.

பெட்டி புது வருடத்துக்கு முந்தின நாள் வந்தது. ஐந்தையும் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். தேவதர்ஷினி ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டிக் குதித்தாள். நேற்று எடுத்துக்கொண்டு போனேன். ஏழாம் நம்பரில் மூன்றாவது அடி சரியாகப் பட்டது. கையில் ஒன்றுமே தெரியவில்லை, பந்து மட்டும் போயிற்று. ஜெஸ்ஸி தனக்கும் ஒன்று செய்து தரச் சொல்கிறாள், அவள் மணிக்கட்டு அளவு எண்பத்து நான்கு. நான் பதில் சொல்லவில்லை. நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

உறையை மனோஜிடம் கொடுத்துவிட்டேன்.

இதை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன், எப்படி எழுதினாலும் உங்களுக்கு வலிக்கும். அதனால் நேராக எழுதுகிறேன். எனக்கு இங்கே இருக்க வேண்டும். பேத்திக்காக மட்டும் இல்லை. எனக்காக. காலையில் எழுந்து யார் முகத்தையும் பார்த்து என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்காமல் இருப்பது எனக்குப் பழகிவிட்டது. நீங்கள் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

நீங்கள் தனியாக என்ன சாப்பிடுகிறீர்கள் என்று தினமும் நினைக்கிறேன். அதை நிறுத்த முடியவில்லை.

நீங்கள் வருவீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை. நான் கேட்டால் நீங்கள் பார்க்கலாம் என்பீர்கள். வேறு ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு வர வேண்டும் என்று இருக்கிறதா? எனக்காக இல்லை, மனோஜுக்காக இல்லை. இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். நான் தாங்கிக்கொள்வேன்.

திரௌபதி


ஆரம்பாக்கம்
27.1.2025

அன்புள்ள திரௌபதி,

இருக்கிறது. வர வேண்டும் என்று இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. எதை முதலில் எழுதுவது என்று நான்கு நாள் யோசித்தேன்.

நிரந்தரமாக இல்லை. ஒரு மாதம், திரும்பி வருகிற டிக்கெட்டோடு. உனக்குச் சம்மதம் என்றால் உன் வீட்டில் தங்குகிறேன், இல்லாவிட்டால் ஜெஸ்ஸியிடம் ஓர் அறை கேள். என் சாப்பாட்டை நானே செய்துகொள்வேன். ரசம் வைக்க வருகிறது. சாம்பார் இன்னும் சரியாக வரவில்லை.

பாஸ்போர்ட்டுக்காகப் புகைப்படம் எடுக்க நாளை கும்மிடிப்பூண்டி போகிறேன். அந்தச் சென்னை ரயிலில்தான்.

ஏப்ரலில் உன் ஊரில் குளிர் எவ்வளவு இருக்கும்? என்னிடம் ஸ்வெட்டர் இல்லை.

தருமலிங்கம்